மூன்று ஊதல்

ஆளில்லாமல் அடைத்துக் கிடக்கும் கட்டடம் மூச்சு விடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நிஜாமுக்கு அன்று பிற்பகல் வரை சந்தேகம் வந்ததில்லை. மற்ற எல்லாவற்றின் மீதும் வந்திருக்கிறது. சந்தேகப்படுவதுதான் அவன் பார்க்கும் வேலை.

போடியில் அண்ணன் கலீபுல்லாவின் ஏலக்காய்க் கடைக்கு மேலே, மூட்டைகளின் வாசம் மாடிப்படி ஏறி வந்து சட்டைக்குள் புகுந்துகொள்ளும் ஓர் அறையில், ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, கழுத்துச் சுளுக்கியது போலச் சுற்றும் ஒரு மின்விசிறி ஆகியவற்றோடு அவன் உட்கார்ந்திருப்பான். மலைச்சரிவில் தொடங்கி அவன் மேசை வரை எட்டுக் கருவிகள். மழை, வெயில், மண்ணின் ஈரம், காற்றில் கலந்த கரியமில வாயு, காய் உலர்த்தச் செலவாகும் மின்சாரம் என்று நிமிடத்துக்கு ஒருமுறை எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த எண்களை உலகத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பருவநிலையை ஆராய்கிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், எங்கோ பனிநாட்டில் தூக்கம் வராமல் கிடப்பவர்கள் எல்லோரும் எடுப்பார்கள். அவர்களுக்குக் குப்பை போய்விடக் கூடாதே, அதற்குத்தான் நிஜாம். நம்பும்படி இல்லாத எண்ணைக் கண்டால் அதன் மேல் ‘ஐயம்’ என்று முத்திரை வைப்பான். முத்திரை விழுந்த எண் பொதுக்கோப்பில் வெறும் இடைவெளியாகிவிடும். வெட்டாத மூலக்கோப்பு ஒருநாள் மட்டும் இணையத்தில் இருக்கும். அதன் பிறகு நிஜாமின் கணினியில் மட்டும். வீட்டில் மனைவி ரமீஸா, “கொழம்புல உப்புக் கம்மின்னா நேரா சொல்லுங்க, முத்திரை குத்தாதீங்க” என்பாள். அந்த அளவுக்கு அவன் தொழில் அவனுக்குள் ஊறிப்போயிருந்தது.

எட்டாவது கருவி போடிமெட்டுக்கு மேலே, ஓர் எஸ்டேட்டின் பழைய ஸ்டோருக்குள் இருந்தது. பச்சை ஏலக்காயை விறகுச் சூட்டில் உலர்த்தும் செங்கல் அறையைத்தான் மலையில் ஸ்டோர் என்பார்கள். கீழே புதிதாக மின்சார டிரையர் வந்ததும் இதை அடைத்துப்போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆளில்லாத அறையின் காற்று எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கருவியை மட்டும் அங்கேயே விட்டிருந்தார்கள். அதன் கரியமில வாயுக் கோடு நானூற்று இருபதில் படுத்துக் கிடக்கும். அதைப் பார்த்தாலே நிஜாமுக்குக் கொட்டாவி வரும்.

கார்த்திகை மாதத்துத் தூறல் ஜன்னல் கம்பியில் ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருந்த அந்தப் பிற்பகலில், இரண்டு பத்துக்கு, படுத்துக் கிடந்த கோட்டில் ஒரு பல் முளைத்தது. நாலாயிரத்து எண்ணூறு. உடனே கீழே. இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு பல். இன்னும் இரண்டு நிமிடத்தில் மூன்றாவது. பிறகு யாரோ துடைத்துவிட்டதுபோல மறுபடி நானூற்று இருபது.

எலி, என்று எழுதினான். அடித்தான். மின்கலம், என்று எழுதினான். பனி ஈரம். இடி. எலிக்கு மூன்று வரை எண்ணத் தெரியுமா என்று யோசித்தபோது தன் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொள்ளக்கூடச் செய்தான்.

மூன்று பத்துக்கு மறுபடி மூன்று பற்கள்.

அந்தக் கருவியில் எண் அப்படி எகிற வேண்டுமென்றால் அதன் முகப்பில் இருக்கும் சல்லடையில் வாயை வைத்து ஊத வேண்டும். வேறு வழியில்லை. இது நிஜாமுக்கு நன்றாகத் தெரியும். ஊதிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

மின்னஞ்சலில் ஒரு கடிதம் மூன்று நாளாகப் பதிலில்லாமல் கிடந்தது. தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கும் ஜோதி என்கிற ஆசிரியை எழுதியிருந்தார். தன் மாணவிகள் பயிற்சிக்காகத் தினமும் மூலக்கோப்பை இறக்கிச் சேர்த்து வைக்கிறார்கள் என்றும், போன ஆடி மாதம் எட்டாவது கருவியின் பொதுக்கோப்பில் ஒன்பது நாள் இடைவெளியாக இருக்கிறது என்றும், ஆனால் தங்களிடம் உள்ள பிரதியில் அந்த ஒன்பது நாளும் மூன்று மூன்றாகப் பற்கள் தெரிகின்றன என்றும் பணிவாகச் சொல்லி, அது என்ன சோதனை என்று மாணவிகள் கேட்பதாக முடித்திருந்தார். படித்ததும் நிஜாம் ஜோதியின் மேல்தான் சந்தேகப்பட்டான். யார் இந்த அம்மா, வேலைவெட்டி இல்லாமல் தினமும் குப்பையை அள்ளிச் சேர்ப்பது? யார் அனுப்பி வந்தவர்?

இப்போது அவன் தன்னிடமிருந்த ஆடி மாத மூலக்கோப்பைத் திறந்தான்.

ஒன்பது நாள். நானூற்று இருபதில் கிடந்த கோடு ஆடி பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் ஏறத் தொடங்கி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் போய் நின்றிருந்தது. அடைத்த அறைக்குள் ஓர் ஆள் இருந்தால் அவ்வளவுதான் ஏறும். அதன் மேல் பற்கள். மூன்று, ஓர் இடைவெளி, மூன்று, ஓர் இடைவெளி. முதல் நாள் நெருக்கமாக, உயரமாக. நாலாம் நாள் இடைவெளி நீண்டிருந்தது. ஏழாம் நாள் பற்கள் குட்டையாகிவிட்டன. ஒன்பதாம் நாள் விடியலில் இரண்டே பற்கள். மூன்றாவதற்கு உரிய இடத்தில் ஒரு சிறிய மேடு, அவ்வளவுதான். அதன் பிறகு கோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நானூற்று இருபதில் படுத்துவிட்டது.

ஒன்பது நாளின் மேலும் முத்திரை. பக்கத்தில் அவன் கைப்படத் தட்டிய குறிப்பு: ‘கருவிக் கோளாறு. நேரில் சென்று சரிபார்க்கப்பட்டது. அறை காலி.’

அவன் நேரில் போகவில்லை.

முத்திரை வைக்கும் முன் நேரில் போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஆய்வுத்தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. ஆடி மழையில் மலைப்பாதை வழுக்கும், அட்டை ஏறும், ஜீப்பு கிடைக்காது. ஆகவே நிஜாம் ஜீப்பு ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்து, மலையை அண்ணாந்து பார்த்து, தாளை நிரப்பிவிடுவான். மலை அங்கிருந்து தெரியத்தானே செய்கிறது? இதற்கு அவன் மனசுக்குள் ‘தொலைநோக்கு ஆய்வு’ என்று பெயர்கூட வைத்திருந்தான். சிரிப்பதற்கு வேறு ஆள் இல்லாததால் தானே சிரித்துக்கொண்டதும் உண்டு.

இப்போது சிரிப்பு வரவில்லை. டீக்கடைத் தூணில் ஒட்டியிருந்த நோட்டீஸ் ஞாபகம் வந்தது. தினமும் அதன் கீழே உட்கார்ந்துதான் வடை தின்கிறான். காணவில்லை. ராமர், வயது ஐம்பத்திரண்டு, எஸ்டேட் காவல்காரர். ஆடி பன்னிரண்டாம் தேதி வேலைக்குப் போனவர்.

*

கருவியை மாட்டிய அன்றைக்கு நிஜாமோடு ஸ்டோருக்குள் இருந்தவர் ராமர். ஒல்லியாக, காதுக்கு மேலே பீடி செருகி, எதைப் பார்த்தாலும் அதிசயப்படத் தயாராக இருக்கும் மனிதர். அறைக்குள் நுழையும்போதே கதவின் வெளிப்பக்கம் இருந்த இரும்புப் பட்டையைக் காட்டி, காற்றடித்துக் கதவு சாத்தினால் அது தானாகவே கொக்கியில் விழுந்துவிடும் என்றும், உள்ளே இருக்கிறவன் அம்போதான் என்றும் சொல்லி, ஒரு கல்லை எடுத்துக் கதவுக்கு அண்டக் கொடுத்தார். நிஜாம் சல்லடையில் ஊதிக் காட்டினான். எண் எகிறியது. ராமர் குழந்தை மாதிரி தானும் ஊதிப் பார்த்தார். பீடி வாசத்தோடு நீளமான, சூடான ஊதல்.

“இது போடியில ஒங்களுக்குத் தெரியுமா பாய்?”

“தெரியாம? சும்மா ஒக்காந்து இதத்தாண்ணே பாத்துக்கிட்டிருப்பேன்.”

“அப்ப எனக்கு இங்கன ஒண்ணுன்னா?”

“மூணு ஊது ஊதுங்க. ஓடி வந்துர்றேன்.”

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு எந்தக் கோப்பிலும் பதிவு இல்லை.

ராமர் அதை நம்பியிருக்கிறார். கல் அண்டக் கொடுக்க மறந்த ஒரு மழைநாளில், மேலே ஒருவரும் வராத காட்டில், கத்தினால் மழையைத் தாண்டிக் கேட்காத அறைக்குள், ஒன்பது நாள், கூரை ஒழுகலை நக்கிக்கொண்டு, போடியில் ஒருவன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நம்பி ஊதியிருக்கிறார். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

இதைவிட மோசமானது ஒன்றும் இருந்தது. ராமரைத் தேடியபோது கங்காணி மொக்கச்சாமி போனில் கூப்பிட்டு, பழைய ஸ்டோர்ப் பக்கம் ஆளனுப்பவா என்று கேட்டார். அன்று ஆடி பதினாறு. இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன், அறை காலி என்றான் நிஜாம். தாளில் எழுதியதை வாயால் மாற்றிச் சொல்ல முடியுமா? தேடப் போனவர்கள் பள்ளத்துப் பக்கம் போனார்கள்.

நாலு பத்துக்கு மறுபடி மூன்று பற்கள்.

*

மறுநாள் காலை லிங்கேஸ்வரனின் ஜீப்பில் மலை ஏறினான். லிங்கேஸ்வரன் எஸ்டேட் ஆட்களை ஏற்றி இறக்குகிறவன். நிஜாமுக்குப் பள்ளிக்கூடத்து நாள் முதல் கூட்டாளி. பின்னால் பன்னிரண்டு பெண்கள், தூக்குவாளிகள், மழைக்குத் தலையில் கவிழ்க்கும் சாக்குக் கொங்காணிகள், நனைந்தபடி. நிஜாமின் முதுகுக்கு நேர் பின்னால் ராமரின் மனைவி சுப்புத்தாய் உட்கார்ந்திருந்தாள். அவள் சிலமலையிலிருந்து விடியுமுன் வந்து ஜீப்பு பிடிக்கிறவள். நாலு மாதமாக அவளைக் கண்டால் நிஜாம் டீக்கிளாசுக்குள் முகத்தை விட்டுக்கொள்வான். அப்போதெல்லாம் பாவப்பட்டுத்தான் அப்படிச் செய்கிறோம் என்று நினைத்திருந்தான்.

வளைவுக்கு வளைவு மூடுபனி கெட்டியாகிக்கொண்டே வந்தது. ஜீப்பின் இரைச்சல் ஒவ்வொரு திருப்பத்திலும் பாறையில் மோதித் திரும்பி வந்து, நமக்குப் பின்னாலேயே இன்னொரு ஜீப்பு வருகிறதோ என்று தோன்றியது. டீசல் வாசம், நனைந்த சாக்கு வாசம், எங்கிருந்தோ பீடி வாசம். லிங்கேஸ்வரன் பீடி குடிப்பதில்லை. நிஜாம் திரும்பிப் பார்த்தான். பெண்கள் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். சுப்புத்தாய் மட்டும் விழித்திருந்தாள்.

“அப்பு, ஒங்க மிசினுல ஆளு தெரியுமா?” என்றாள்.

“ஆளெல்லாம் தெரியாதுக்கா. காத்து மட்டுந்தான்.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். 

ஆட்களை இறக்கிவிட்டு, ஜீப்பு போகிற மட்டும் போய், பிறகு இருவரும் நடந்தார்கள். மணி பதினொன்று. பனியில் அது அந்தி மாதிரி இருந்தது. ஏலச்செடிகள் தோளுக்கு மேலே வளர்ந்து இரண்டு பக்கமும் சொட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு சொட்டும் யாரோ இலைமேல் விரலால் தட்டுவதுபோல, ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல, நடந்தால் கூடவே நடந்து, நின்றால் நின்றது. லிங்கேஸ்வரன் வழக்கமாக வாய் ஓயாதவன். இன்று பேசவில்லை. இவன் ஏன் பேசவில்லை என்று நிஜாம் சந்தேகப்பட்டான்.

ஸ்டோர் பனிக்குள்ளிருந்து திடீரென்று முன்னால் வந்தது. கதவு சாத்தியிருந்தது. இரும்புப் பட்டை கொக்கியில் விழுந்திருந்தது. பட்டையைச் சுற்றி ஒரு காட்டுக்கொடி மூன்று சுற்றுச் சுற்றிப் பூத்திருந்தது. நாலு மாதமாக அந்தக் கதவை யாரும் தொடவில்லை.

நிஜாம் கைபேசியை எடுத்தான். பதினொன்று பத்து. கோடு. பல். தகரக் கதவில் காதை வைத்தான். தகரம் சில்லென்றிருந்தது. உள்ளே சத்தமில்லை. இரண்டாவது பல். சத்தமில்லை. தகரத்தின் அந்தப் பக்கம், அவன் காதுக்கு நேரே, தகரம் மெல்லச் சூடானது. மூன்றாவது பல்.

“தெற மாப்ளே,” என்றான் லிங்கேஸ்வரன். குரல் அவனுடையது மாதிரி இல்லை.

கொடியை அறுத்தார்கள். பட்டையைத் தூக்கினார்கள்.

உலர்த்துவதற்காகக் கட்டிய அறை. தன் வேலையைச் செய்திருந்தது. ராமர் சுவரோரமாக, கருவிக்கு நேர் கீழே, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் மேல்நோக்கி இருந்தது. வாய் குவிந்திருந்தது. காதுக்கு மேலே பீடி அப்படியே.

லிங்கேஸ்வரன் வெளியே ஓடி வாந்தி எடுத்தான். நிஜாம் நின்ற இடத்தில் நின்றான். அறை முழுக்க நாலு மாதத்துத் தூசி. சல்லடையில் மட்டும் தூசியில்லை. விரல் நுனியால் தொட்டுப் பார்த்தான்.

ஈரமாக இருந்தது.

*

அடுத்த இரண்டு நாள் போலீஸ், ஆஸ்பத்திரி, சுடுகாடு என்று போயிற்று. காற்றில் கதவு சாத்திக்கொண்ட விபத்து என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நிஜாமுக்கு நல்ல பேர்கூடக் கிடைத்தது. மிசினுக்காரர் போய்ப் பார்த்ததால்தான் ஆளாவது கிடைத்தார் என்றார் மொக்கச்சாமி. ஆடியில் போனில் சொன்னது அவருக்கு மறந்துவிட்டதா, மறந்த மாதிரி இருக்கிறாரா என்று நிஜாமுக்குத் தெரியவில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது சுப்புத்தாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை சொரசொரப்பாக, காய்க்கறை கறுத்து இருந்தது.

“எத்தன நாளு உசுரோட கெடந்தாருன்னு அதுல இருக்குமா அப்பு?”

இந்த ஒரு கேள்விக்குத்தான் அவன் பயந்திருந்தான். ஒன்பது நாள் என்று சொன்னால் இனி எந்த ராத்திரி அவள் தூங்குவாள்? சொல்லாதிருப்பது இரக்கம் என்று மனசு சொன்னது. அந்த மனசின் மேல் ஒரு முத்திரை வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றாமல் இல்லை.

“ஒரே நாளுதாங்க்கா. தூங்குன மாதிரி போயிருப்பாரு.”

அவள் அழுதாள். நன்றியோடு அழுதாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

ஜீப்பில் ஏறியதும் லிங்கேஸ்வரன் வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “ஆடியில நேர்ல போயிப் பாத்தேன்னு எழுதிருக்கயாம். யாரு ஜீப்புல போன மாப்ளே?”

நிஜாம் செருப்பில் ஒட்டியிருந்த சுடுகாட்டுச் சாம்பலைத் தட்டிவிட்டான். 

*

மூன்றாம் நாள் ஜோதியிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. செய்தித்தாளில் பார்த்தாராம். தேதியும் பொருந்துகிறதாம். தங்களிடம் இருப்பது மாணவிகள் சேர்த்த பிரதிதான் என்பதால், தவறாக எதையும் நினைத்துவிடக் கூடாதென்று மூலக்கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறாராம். அந்தக் குடும்பத்துக்கு உண்மை தெரிய வேண்டுமல்லவா, என்று முடித்திருந்தார்.

மூலக்கோப்பு இல்லையென்றால் மாணவிகளின் பிரதியை யார் நம்புவார்கள்? பிள்ளைகள் ஏதோ தப்பாக இறக்கியிருப்பார்கள். நிஜாம் கோப்பின் மேல் கையை வைத்தான். ‘நிரந்தரமாக நீக்கவா?’ என்று கணினி கேட்டது. சுப்புத்தாய்க்காகத்தான், என்று சொல்லிக்கொண்டான். இரண்டாம் தடவை சொல்லிப் பார்த்தான். பிற்பகல் மூன்றரை மணி. கீழே கடையில் ஏலக்காய் சலிக்கும் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது.

திரையின் ஓரத்தில் ஒரு பல்.

எட்டாவது கருவியாக இருக்க முடியாது. அதைக் கழற்றி, மின்கலத்தைப் பிடுங்கி, சாக்கில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தான். இது ஏழாவது. போடிமெட்டில் சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில், திறந்த வெளியில், கம்பத்தில் இருப்பது. மூன்று பற்கள். பிறகு அடங்கிவிட்டது.

யாரோ விளையாடுகிறார்கள். லிங்கேஸ்வரன். இல்லை, மொக்கச்சாமி. இல்லை, ஜோதி, அந்த அம்மாவுக்குக் கம்பம் இருக்கும் இடம் தெரியும், எல்லாம்தான் உலகத்துக்கே திறந்து கிடக்கிறதே.

நாலே காலுக்கு ஐந்தாவது கருவியில் மூன்று பற்கள். அது இறங்குவழியில், வளைவுகளுக்கு நடுவே, ஒரு காப்பித் தோட்டத்தில் இருப்பது. ஆறாவது கருவி குரங்கணியில் இருக்கிறது. அது அசையவே இல்லை. ஏன் என்று நிஜாம் மேசைமேல் விரலால் மலைப்பாதையை வரைந்து பார்த்தான். குரங்கணி வழியில் இல்லை.

ஐந்துக்கு நாலாவது கருவி. தூரத்தையும் நேரத்தையும் வகுத்துப் பார்த்தான். பழக்கதோஷம். வண்டியின் வேகம் இல்லை. நடக்கிறவரின் வேகமும் இல்லை. ஒற்றையடிப் பாதையில் ஒருவர் நிற்காமல் ஓடி வந்தால் அந்த வேகம் வரும்.

ஓடி வந்துர்றேன், என்று சொன்னவன் அவன்தான்.

ஐந்தரைக்கு முந்தலில் உள்ள மூன்றாவது கருவி. மலை முடிந்துவிட்டது. இனி ஊர்தான்.

கீழே சலிக்கும் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது? எழுந்து படிக்குப் போவதற்குள் கடையின் இரும்பு ஷட்டர் கடகடவென்று இறங்கும் ஓசை கேட்டது. அண்ணன் மஃரிப் தொழுகைக்குப் போகிறார். தம்பி வீட்டுக்குப் போய்விட்டான் என்று நினைத்திருப்பார். நிஜாம் படியில் தாவி இறங்கிக் கத்தினான். தெருவில் ஒலிபெருக்கியில் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. ஷட்டரைத் தட்டினான். பூட்டு வெளியே ஆடியது. போன் செய்தான். தொழப் போகும்போது அண்ணன் போனை அணைத்துவிடுவார். அரை மணி நேரம்தான். திரும்பி வந்துவிடுவார். வந்து திறந்துவிடுவார். அரை மணி நேரம்தானே.

ஒன்பது நாள் இல்லையே.

மேலே வந்தான். கதவைச் சாத்தினான். இருட்டிக்கொண்டு வந்தது, விளக்கைப் போட்டான். திரையில் இரண்டாவது கருவி. ஜீப்பு ஸ்டாண்டு. டீக்கடைத் தூணுக்குப் பக்கத்துக் கம்பம். ஒன்று. இரண்டு. மூன்று.

ஸ்டாண்டிலிருந்து கடைக்கு நாலு நிமிட நடை.

முதலாவது கருவி அவன் மேசைமேல் இருந்தது. மற்றவற்றைச் சரிபார்க்க வைத்திருப்பது. சின்ன வெள்ளைப் பெட்டி, முகப்பில் சல்லடை. அறுநூற்றுப் பத்து என்று காட்டியது. அடைத்த அறையில் ஓர் ஆள். அவன் மூச்சு. அவ்வளவுதான். அவன் மூச்சு மட்டும்தான்.

‘நிரந்தரமாக நீக்கவா?’ இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தான். மின்விசிறியை நிறுத்தினான். ஏலக்காய் வாசம். நனைந்த சாக்கு வாசம். பெட்டிக்கு எட்டாமல் முகத்தைத் திருப்பி மூச்சைப் பிடித்துக்கொண்டான். தன் மூச்சு இல்லையென்றால் எண் ஏறக் கூடாது. எளிய சோதனை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும்.

அறுநூற்றுப் பத்து.

அறுநூற்றுப் பத்து.

பீடி வாசம்.

நாலாயிரத்து எண்ணூறு.

சல்லடையில் பனித்துளி மாதிரி ஈரம் பூத்தது. எண் இறங்கியது. நெஞ்சு வெடித்தது. மூச்சை விடவில்லை. கதவு சாத்தித்தான் இருந்தது. இரண்டு நிமிடம் ஆகவில்லை. அதற்குள்.

நாலாயிரத்து எண்ணூறு.

எண் இறங்கியது. ஆயிரம். எழுநூறு. அறுநூற்றுப் பத்து. நிஜாமால் அதற்கு மேல் பிடிக்க முடியவில்லை. விட்ட மூச்சில் குரல் தானாக வெளியே வந்தது. சின்னப் பிள்ளை குரல்.

“வரத்தாண்ணே கெளம்புனேன்,” என்றான். “மழ. ஜீப்பு கெடைக்கல.”

 சொட்டுச் சத்தம்கூட இல்லை. மேசையைப் பார்த்தபடியே இருந்தான். திரும்பவில்லை. எண்ணை மட்டும் பார்த்தான்.

மூன்றாவது பல் திரையில் வரவில்லை.

பிடரியில் வந்தது. நீளமாக. சூடாக.